கிராஃபியன் ஃபாலிக்கிளுக்குப் பெயர் கொடுத்தவர் முதலில் எழுதியது ஆண்களைப் பற்றி! 32 வயதில் முடிந்த ஒரு டாக்டரின் கதை

பிளஸ் டூவில் பயாலஜி குரூப் எடுத்தவர்களுக்கு கிராஃபியன் ஃபாலிக்கிள் என்ற பெயர் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. பெண்ணின் அண்டகத்தில், கருமுட்டை வெளியேறத் தயாராகும் நேரத்தில் நீர்க்குமிழ் போல உப்பி நிற்கும் சின்னப் பை அது. படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்கியிருப்போம். அந்தப் பெயரில் இருக்கும் கிராஃப் யார்? கணக்கு நோட்டில் வரும் கிராஃப் இல்லை. ரெய்னியர் டி கிராஃப் என்ற நெதர்லாந்து டாக்டர். 350 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவர்.

பெண் உடலில் இருக்கும் ஒரு பைக்குத்தான் இன்று அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால், இனப்பெருக்க உறுப்புகள் பற்றி அவர் எழுதிய முதல் புத்தகம் ஆண்களைப் பற்றியது. 1668-ல் வந்தது. விந்தகம், விந்து நாளம், புரோஸ்டேட், ஆணுறுப்பு என்று ஒவ்வொன்றையும் அறுத்து, பார்த்து, படம் போட்டு விளக்கிய புத்தகம். எழுதியபோது அவருக்கு 26, 27 வயது இருக்கும். அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து ஆளே இல்லை.

இந்தச் சின்ன வாழ்க்கைக்குள் ஆராய்ச்சி இருக்கிறது, திருட்டுப் பட்டம் இருக்கிறது, பழைய நண்பனின் பகை இருக்கிறது. இன்றைக்கும் நம்ம ஊர் இளைஞர்கள் பயப்படுகிற ஒரு விஷயத்துக்கான பதிலும் இருக்கிறது.

தறியில் தொங்கும் எடைக்கல்லா?

கிராஃப் என்ன செய்தார் என்பது புரிய வேண்டுமானால், அவருக்கு முன்பு உலகம் என்ன நினைத்துக்கொண்டிருந்தது என்று தெரிய வேண்டும்.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் விந்தகங்களுக்குப் பெரிய வேலை எதுவும் இருப்பதாக நினைக்கவில்லை. அந்தக் காலத்துத் தறிகளில் பாவு நூல் தொய்யாமல் இருக்க அடியில் எடைக்கல் கட்டித் தொங்க விடுவார்கள். விந்தகமும் அப்படி ஒரு எடைக்கல்தான், மேலே இருக்கும் குழாய்களை இழுத்துப் பிடித்து வைப்பதே அதன் வேலை என்பது அவர் கணக்கு. சிரிப்பு வருகிறதா? இந்தக் கருத்து பல நூற்றாண்டுகள் படிக்கப்பட்டது.

பிறகு வந்த ரோமாபுரி மருத்துவர் காலன், விந்தகத்துக்கு வேலை உண்டு என்று ஒப்புக்கொண்டார். ஆனால் வளைந்து வளைந்து செல்லும் ரத்தக் குழாய்களில் ரத்தமே சமைக்கப்பட்டு, வெளுத்து, விந்தாக மாறுகிறது என்பது அவர் தரப்பு. அதாவது விந்து என்பது உயர்தரமான ரத்தம். இந்தியாவின் பழைய மருத்துவ மரபிலும் இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு கருத்து உண்டு. உணவு ரசமாகி, ரசம் ரத்தமாகி, படிப்படியாகக் கடைசியில் விந்தாகிறது என்ற ஏழு தாதுக் கணக்கு.

சரி, விந்தகத்துக்குள் என்னதான் இருக்கிறது? அறுத்துப் பார்த்தவர்கள் கண்ணுக்கு மஞ்சளும் சாம்பலும் கலந்த கூழ் போன்ற ஒரு சதைதான் தெரிந்தது. மூளை மாதிரி, மஜ்ஜை மாதிரி, ஏதோ ஒரு சுரப்பிச் சதை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

நாயும் வாத்து இறகும்

ரெய்னியர் டி கிராஃப் பிறந்தது 1641 ஜூலையில், நெதர்லாந்தின் ஸ்கூன்ஹோவன் என்ற சின்ன ஊரில். வெள்ளி வேலைக்குப் பேர் போன ஊர் அது. குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அன்றைய நெதர்லாந்து புராட்டஸ்டன்ட் நாடு. கத்தோலிக்கர்கள் வெளிப்படையாகக் கூடி வழிபட முடியாது. வீட்டு மாடியிலும் பின்கட்டிலும் தேவாலயத்தை ஒளித்து வைத்து நடத்திய காலம்.

மருத்துவம் படிக்கப் போன இளைஞன், சில இடங்கள் சுற்றிவிட்டு லைடன் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தான். அந்த நேரத்து லைடனை இன்றைய ஸ்டார்ட்-அப் பாஷையில் சொன்னால், ஒரே பேட்ச்சில் நாலு யூனிகார்ன். பூச்சிகளின் உடலை அறுத்து உலகைத் திரும்பிப் பார்க்க வைக்கப்போகும் யான் ஸ்வாமர்டாம் அங்கே இருந்தார். டென்மார்க்கில் இருந்து வந்த நீல்ஸ் ஸ்டென்சன் இருந்தார். பாறை அடுக்குகளைப் படிக்கச் சொல்லிக் கொடுத்து நிலவியலின் தந்தை ஆனவர், பிறகு பிஷப்பும் ஆனவர். இறந்த உடல்களைக் கெடாமல் பதப்படுத்துவதில் பெயர் எடுத்த ஃபிரெடெரிக் ரூய்ஷும் அதே வட்டம்தான். எல்லோருக்கும் இருபதுகளில் வயது. எல்லோர் கையிலும் கத்தி.

கிராஃப் முதலில் கை வைத்தது கணையத்தில். கணைய நீரைச் சுத்தமாகத் தனியே எடுத்துக் காட்ட யாராலும் முடியவில்லை. உயிருள்ள நாயின் வயிற்றைத் திறந்து, கணையக் குழாய்க்குள் வாத்து இறகின் மெல்லிய தண்டைச் செருகி, அதன் மறுமுனையில் ஒரு சின்னக் குப்பியைக் கட்டினார் கிராஃப். சொட்டுச் சொட்டாக நீர் சேர்ந்தது. அதை நாக்கில் வைத்துச் சுவைத்தும் பார்த்தார். 1664-ல் இதை ஆய்வாக வெளியிட்டபோது அவருக்கு 23 வயதுதான். மயக்க மருந்தே இல்லாத காலத்தில் அந்த நாய் பட்ட பாட்டை நினைத்தால் மனசு கனக்கிறது. இன்றைக்கு எந்த எதிக்ஸ் கமிட்டியும் இதற்குக் கையெழுத்துப் போடாது. இத்தனைக்கும் அவர் எடுத்த முடிவு தப்பு. கணைய நீர் புளிப்புத்தன்மை கொண்டது என்று எழுதினார். அவருடைய பேராசிரியர் சில்வியஸ் சொன்னதும் அதுதான். உண்மையில் அது காரத்தன்மை கொண்டது. ஆனால் நீரை எடுத்துக் காட்டிய முறை நின்றுவிட்டது.

கிராஃபின் குணம் இதில் தெரிகிறது. தத்துவத்தில் சறுக்குவார், கைவேலையில் சறுக்க மாட்டார்.

அடுத்து பிரான்ஸ் போனார். 1665-ல் ஆஞ்சே நகரில் டாக்டர் பட்டம் வாங்கினார். கொஞ்ச காலம் பாரிஸ். பிறகு ஊர் திரும்பி டெல்ஃப்ட் நகரில் கிளினிக் போட்டு உட்கார்ந்தார். பகலில் நோயாளிகள், மீதி நேரமெல்லாம் ஆராய்ச்சி. கையில் இருந்த ஆயுதம், அவரே மேம்படுத்திய ஒரு சிரிஞ்ச். ஊசி போடுவதற்கு இல்லை. இறந்த உடலின் ரத்தக் குழாய்களுக்குள் நிறம் சேர்த்த திரவத்தைச் செலுத்தி, எது எங்கே போகிறது என்று தடம் பிடிப்பதற்கு.

கூழ் இல்லை, நூல்கண்டு

1668 புத்தகத்தின் இதயமான பகுதி விந்தகம் பற்றியதுதான்.

விந்தகம் சதையும் இல்லை, கூழும் இல்லை, வழக்கமான சுரப்பியும் இல்லை. மிக மெல்லிய குழாய்கள் நெருக்கி நெருக்கிச் சுருட்டி வைக்கப்பட்ட ஒரு கட்டு என்றார் கிராஃப். அந்தக் குழாய்களுக்குள்தான் விந்து உருவாகிறது. மொத்தத்தையும் அறுபடாமல் பிரித்து நீட்ட முடிந்தால் அதன் நீளம் நம்ப முடியாததாக இருக்கும் என்று சொன்னார்.

இதை நிரூபிப்பது எப்படி? மனித விந்தகத்தைப் பிரிப்பது பெரிய பாடு. உள்ளே மெல்லிய தடுப்புச் சுவர்கள் இருக்கின்றன. குழாய்கள் அறை அறையாக அடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. இழுத்தால் அறுந்துபோகும். அதனால் கிராஃப் வேறொரு விலங்கைப் பிடித்தார். டோர்மௌஸ் என்ற, எலிக்கும் அணிலுக்கும் நடுவில் இருப்பது போன்ற ஒரு பிராணி. அதன் விந்தகத்தின் வெளி உறையை உரித்துவிட்டு, தண்ணீர் இருக்கும் பாத்திரத்தில் போட்டு லேசாகக் குலுக்கினால் போதும். சிக்கு அவிழ்ந்த நூல்கண்டு போல மொத்தமும் விரிந்து மிதக்கும். கத்தி வேண்டாம், மைக்ரோஸ்கோப் வேண்டாம். கண் இருந்தால் போதும்.

லண்டன் ராயல் சொசைட்டி தரப்பில் இருந்து இந்தப் புத்தகத்துக்குக் கடுமையான விமர்சனம் வந்தது. கிராஃப் வாதம் பண்ணிக்கொண்டிருக்கவில்லை. பிரித்து விரித்த ஒரு டோர்மௌஸ் விந்தகத்தையே அவர்களுக்கு அனுப்பி வைத்தார். ஸ்க்ரீன்ஷாட் போட்டு வாயை அடைப்பது என்று இன்று சொல்கிறோமே, அதன் 17-ம் நூற்றாண்டு வடிவம்.

குழாய்க் கருத்தை முதன்முதலில் சொன்னவர் அவர்தான் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. பத்து ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியில் இப்படி ஒரு சிறு வெளியீடு வந்திருந்தது. ஆனால் அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. தெளிவான படங்களோடும் யாரும் செய்து பார்க்கக்கூடிய செய்முறையோடும் அதை ஊரறியச் செய்தவர் கிராஃப்.

இன்று நமக்குத் தெரிந்த கணக்கு இதுதான். ஒவ்வொரு விந்தகத்திலும் சுமார் 250 சிறு அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒன்று முதல் மூன்று அல்லது நான்கு வரை விந்தக நுண்குழல்கள். அந்தக் குழல்களின் சுவரில்தான் விந்தணு உருவாகிறது. ஒரு விந்தணு உருவாகி முடிக்கச் சுமார் 70 நாள்கள் ஆகின்றன. அங்கிருந்து விந்தகத்தின் மேல் படிந்திருக்கும் எபிடிடைமிஸ் என்ற ஒற்றைச் சுருள் குழாய்க்குப் போகிறது. ஓர் ஆள் விரல் நீளம்கூட இல்லாத இடத்தில் சுருண்டு கிடக்கும் அதை நீட்டினால் சுமார் 6 மீட்டர் வரும். விந்தணு நீந்தப் பழகுவது இந்தச் சுருளில்தான். அப்புறம் விந்து நாளம். அது விதைப்பையில் இருந்து மேலேறி, வயிற்றுக்குள் நுழைந்து, சிறுநீர்ப்பையின் பின்பக்கம் வளைந்து வந்து சிறுநீர்க் குழாயில் சேர்கிறது.

நேராக இரண்டு அங்குலத்தில் முடிய வேண்டிய வழிக்கு ஏன் இவ்வளவு சுற்று? கருவில் இருக்கும்போது விந்தகங்கள் வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில்தான் தோன்றுகின்றன. பிறப்பதற்கு முன் கீழே இறங்கி விதைப்பைக்கு வருகின்றன. வரும்போது குழாயையும் ரத்த நாளங்களையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகின்றன. உடல் சூட்டை விட இரண்டு டிகிரி அளவுக்குக் குறைந்த வெப்பநிலையில்தான் விந்தணு உற்பத்தி ஒழுங்காக நடக்கும் என்பதால் இந்த இடமாற்றம். தொங்குவதற்குக் காரணம் எடைக்கல் இல்லை, ஏர் கூலிங்.

சடலமும் சிரிஞ்சும்

ஆணுறுப்பு எப்படி விறைக்கிறது? அந்தக் காலத்தில் இதற்கும் பல பதில்கள் இருந்தன. காற்று போன்ற ஏதோ உயிர்ச்சக்தி உள்ளே புகுகிறது என்ற பழைய எண்ணத்துக்கு இன்னும் ஆட்கள் இருந்தார்கள்.

கிராஃப் ஒரு சடலத்தை எடுத்தார். இடுப்புப் பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் சிரிஞ்சைப் பொருத்தி, திரவத்தை அழுத்தினார். இறந்தவரின் உறுப்பு விறைத்தது. ஆசையும் இல்லை, உயிரும் இல்லை. குழாயில் அழுத்தத்தோடு திரவம் போனால் போதும் என்பதைக் காட்டிவிட்டார்.

இது பார்க்க ஏதோ விபரீத வேலை மாதிரி தெரியலாம். ஆனால் இன்றைய ஆண்மைக்குறைவு சிகிச்சையின் அடிப்படையே இந்தக் குழாய்க் கணக்குதான். விறைப்பு என்பது ரத்த ஓட்ட விவகாரம். பஞ்சு போன்ற திசுவுக்குள் ரத்தம் நிறைகிறது, வெளியேறும் வழிகள் அழுத்தப்பட்டு மூடுகின்றன. வயாகரா போன்ற மாத்திரைகள் செய்வதும் அந்த ரத்தக் குழாய்களைத் தளர்த்திக் கொடுப்பதைத்தான். சர்க்கரை நோயோ, ரத்தக் குழாய் அடைப்போ இருப்பவர்களுக்கு, நெஞ்சில் அறிகுறி தெரிவதற்கு முன்பே இங்கே அறிகுறி தெரியலாம். அதனால் இந்தப் பிரச்சினைக்கு வெட்கப்பட்டு ரகசியமாக மாத்திரை வாங்கிப் போடுவதை விட, டாக்டரிடம் போய் சுகரும் பிரஷரும் பார்த்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

ஒரு சொட்டுக்கு எத்தனை சொட்டு ரத்தம்?

நம்ம ஊருக்கு வருவோம். ஒரு சொட்டு விந்து இத்தனை சொட்டு ரத்தத்துக்குச் சமம் என்ற கணக்கைக் கேட்காமல் வளர்ந்த ஆண்கள் குறைவு. சிலர் நாற்பது என்பார்கள், சிலர் அறுபது, சிலர் நூறு. நள்ளிரவு டிவியில் வரும் வைத்தியர்களும், மாதத்தில் இன்ன தேதி இன்ன லாட்ஜில் என்று போர்டு வைப்பவர்களும் இந்தப் பயத்தை வைத்துத்தான் கல்லா கட்டுகிறார்கள். தூக்கத்தில் விந்து வெளியேறினாலே உடம்பு உருக்குலைந்துவிடும் என்று பயந்து, உண்மையிலேயே தூக்கம் கெட்டு, சோர்ந்து போய் மனநல மருத்துவரிடம் வரும் இளைஞர்கள் இருக்கிறார்கள். இந்தியத் துணைக்கண்டத்தில் இது அவ்வளவு அதிகம் என்பதால் மருத்துவப் புத்தகங்களில் இதற்குத் தாத் நோய்க்குறி என்று தனிப் பெயரே உண்டு. தாது என்ற சொல்லில் இருந்து வந்த பெயர்.

கிராஃப் திறந்து காட்டிய குழாய்களின் வழியே போனால் கணக்கு வேறு மாதிரி வரும். வெளிவரும் விந்தில் விந்தணுக்களின் பங்கு சில சதவீதம் மட்டுமே. பாதிக்கு மேல், சுமார் 60-70 சதவீதம், விந்துப்பைகளில் சுரக்கும் சர்க்கரை கலந்த நீர். மிச்சத்தில் பெரும்பகுதி புரோஸ்டேட்டில் இருந்து வருகிறது. எச்சில் ஊறுவது போலத்தான். எச்சில் துப்பினால் ரத்தம் குறையுமா?

விந்துப்பை என்ற பெயரே ஒரு தப்பான பெயர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஏதோ விந்தைச் சேமித்து வைக்கும் பை போல ஒலிக்கிறது. கிராஃபின் காலத்து உடற்கூறியலாளர்கள் அப்படி நினைத்துத்தான் லத்தீனில் பெயர் சூட்டினார்கள், தமிழிலும் அதுவே வந்துவிட்டது. உண்மையில் அது சேமிப்புக் கிடங்கு இல்லை, நீர் சுரக்கும் சுரப்பி.

ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன், அதாவது வாசெக்டமி, இந்த வரைபடத்தைத் தெரிந்துகொண்டால் பயமே இல்லாத ஒன்று. விந்து நாளத்தை மட்டும் வெட்டிக் கட்டுகிறார்கள். விந்தணு மட்டும் வெளியே வராது. விந்துப்பையும் புரோஸ்டேட்டும் வெட்டிய இடத்துக்கு மேலே இருப்பதால், வெளிவரும் நீரின் அளவில் வித்தியாசமே தெரியாது. டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் குழாய் வழியாகப் போவதே இல்லை, நேராக ரத்தத்தில் கலக்கிறது. ஆக, ஆண்மைக்கு எதுவும் ஆகாது. ஆனால் ஏற்கெனவே குழாயில் தங்கியிருக்கும் விந்தணுக்கள் தீர சுமார் மூன்று மாதம் ஆகும், அதுவரை வேறு பாதுகாப்பு வேண்டும். இவ்வளவு எளிமையான இதை எத்தனை பேர் செய்துகொள்கிறார்கள்? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட கணக்கு 0.3 சதவீதம். வயிற்றைத் திறக்கும் ஆபரேஷன் மனைவிக்கு, பயம் மட்டும் கணவருக்கு.

நண்பன் வைத்த குற்றச்சாட்டு

ஆண்கள் புத்தகத்துக்குப் பிறகு கிராஃப் பெண் உறுப்புகளின் பக்கம் திரும்பினார். அதுவரை அண்டகத்தைப் பெண்ணின் விந்தகம் என்றே டாக்டர்கள் அழைத்து வந்தார்கள். ஆணுக்கு இருப்பதன் மட்டமான நகல் என்பது எண்ணம். விந்தகம் என்றால் குழாய்க் கட்டு என்பதைக் கையால் பிரித்துப் பார்த்த ஆளுக்கு, இது அது இல்லை என்பது பளிச்சென்று தெரிந்திருக்கும். இங்கே குழாயே கிடையாது, நீர் நிறைந்த குமிழ்கள்தான் இருந்தன.

முயல்களை இணைய விட்டு, அரை மணி நேரம், ஆறு மணி நேரம், ஒரு நாள், மூன்று நாள் என்று இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். அண்டகத்தில் எத்தனை குமிழ் உடைந்திருக்கிறதோ, அத்தனை சின்ன உருண்டைகள் கருக்குழாயில் அல்லது கருப்பையில் இருந்தன. எண்ணிக்கை ஒத்துப்போனது. மனிதர்கள் உட்பட எல்லா விலங்குகளும் முட்டையில் இருந்தே வருகின்றன என்றார். ஒரே சறுக்கல், குமிழ் முழுவதுமே முட்டை என்று நினைத்துவிட்டார். உள்ளே இருக்கும் உண்மையான கருமுட்டையைக் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேர் கண்டுபிடித்து அறிவித்தது 1827-ல்தான்.

பெண்கள் பற்றிய அந்தப் புத்தகம் 1672-ல் வந்தது. உடனே வெடித்தது சண்டை. லைடனில் கூடப் படித்த ஸ்வாமர்டாம், இதெல்லாம் தானும் தன் பேராசிரியர் வான் ஹார்னும் ஏற்கெனவே கண்டறிந்தவை, கிராஃப் அடித்துவிட்டார் என்று புத்தகமாகவே எழுதி, ராயல் சொசைட்டிக்கு அனுப்பி நியாயம் கேட்டார். வான் ஹார்ன் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோயிருந்தார். சாட்சி சொல்ல ஆள் இல்லை.

யார் பக்கம் நியாயம்? ஒரே ஊரில், ஒரே ஆசிரியர்களிடம், ஒரே கேள்வியோடு வளர்ந்த இளைஞர்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஒரே பதிலுக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் நம்பத் தகுந்த விளக்கம். கருத்து காற்றில் இருந்தது. முயலை அறுத்து எண்ணிக் காட்டியவர் கிராஃப். ஆனால் திருடன் என்ற பட்டம் விழுந்த பிறகு இந்த விளக்கமெல்லாம் யார் காதில் ஏறும்? 1673-ல் தன் தரப்பு நியாயத்தை ஒரு தனிப் புத்தகமாக எழுதினார் கிராஃப்.

அந்த இரண்டு ஆண்டுகளும் அவருக்குச் சரியில்லை. 1672-ல் பிரான்ஸும் இங்கிலாந்தும் சேர்ந்து நெதர்லாந்தின் மீது பாய்ந்தன. நாட்டுத் தலைவராக இருந்த யோஹான் டி விட்டை, டெல்ஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹேக் நகரத் தெருவில் கும்பல் அடித்தே கொன்றது. டச்சுக்காரர்கள் இன்றும் அதைப் பேரிடர் ஆண்டு என்றுதான் சொல்கிறார்கள். அதே ஆண்டில் கிராஃபுக்குக் கல்யாணம் நடந்தது. பிறந்த மகன் ஒரு மாதக் குழந்தையாகவே இறந்துவிட்டான். லைடனில் பேராசிரியர் ஆகும் தகுதி எல்லாம் இருந்தும், அந்த நாற்காலி அவருக்குக் கிடைக்கவில்லை. பிறந்த மதம் குறுக்கே நின்றது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

1673 ஆகஸ்டில் கிராஃப் இறந்தார். வயது 32. ராயல் சொசைட்டியின் தீர்ப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. முட்டைக் கருத்தை முதலில் சொன்ன பெருமை கிராஃபுக்கும் இல்லை, ஸ்வாமர்டாமுக்கும் இல்லை. 1667-லேயே அதை எழுதிவிட்ட மூன்றாவது கிளாஸ்மேட் ஸ்டென்சனுக்குத்தான் என்றது தீர்ப்பு. இருவர் அடித்துக்கொண்டார்கள், கோப்பை மூன்றாமவர் கைக்குப் போனது.

கடைசியாக எழுதிய சிபாரிசுக் கடிதம்

இறப்பதற்கு நான்கு மாதம் முன்பு, 1673 ஏப்ரலில், கிராஃப் ஒரு காரியம் செய்தார். தன் மேல் குற்றச்சாட்டு நிலுவையில் இருந்த அதே ராயல் சொசைட்டிக்கு, வேறொருவருக்காகச் சிபாரிசுக் கடிதம் எழுதினார். டெல்ஃப்டில் துணி வியாபாரம் செய்துவந்த ஒருவர் தானே லென்ஸ் தேய்த்து, அதுவரை உலகம் பார்த்திராத அளவுக்கு நல்ல மைக்ரோஸ்கோப் செய்திருக்கிறார், அவர் கண்டவற்றைப் பாருங்கள் என்பது கடிதத்தின் சாரம். அந்தத் துணி வியாபாரிக்குக் கல்லூரிப் படிப்பு கிடையாது, லத்தீன் தெரியாது. பெயர் ஆன்டனி வான் லீவன்ஹூக். பாக்டீரியாவை முதன்முதலில் பார்த்த அதே லீவன்ஹூக்தான்.

1677-ல் லைடன் மருத்துவ மாணவர் யோஹான் ஹாம், மேகவெட்டை நோயாளி ஒருவரின் விந்தை எடுத்துக்கொண்டு லீவன்ஹூக்கிடம் வந்தார். அதில் வால் முளைத்த சின்னப் பிராணிகள் நெளிவதாகச் சொன்னார். நோயால் வந்தவையோ என்ற சந்தேகம். லீவன்ஹூக் தன்னுடையதை எடுத்துப் பார்த்தார். அதிலும் நெளிந்தன. முறையான தாம்பத்தியத்தில் கிடைத்ததுதான், எந்தப் பாவமும் செய்யவில்லை என்ற விளக்கத்தையும் சேர்த்து ராயல் சொசைட்டிக்குத் தயங்கித் தயங்கி எழுதினார். அருவருப்பாகத் தோன்றினால் வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அவர்கள் வெளியிட்டார்கள்.

கிராஃபின் குழாய்களுக்குள் என்ன ஓடுகிறது என்பது இப்படித்தான் தெரியவந்தது. கிராஃபுக்கு அது தெரியாது. விந்தில் இருந்து கிளம்பும் ஏதோ ஓர் ஆவி மேலே போய் முட்டையை உயிர்ப்பிக்கிறது என்றுதான் அவர் நம்பினார். இன்னும் நான்கு ஆண்டுகள் உயிரோடு இருந்திருந்தால், அதே ஊரில், சில தெரு தள்ளி இருந்த நண்பரின் லென்ஸ் வழியாகவே பார்த்திருப்பார்.

லீவன்ஹூக்கோ நேர் எதிர்ப்பக்கம் போய்விட்டார். குழந்தை முழுக்க முழுக்க விந்தணுவில் இருந்தே வருகிறது, முட்டையெல்லாம் கற்பனை என்று பிடிவாதமாக எழுதினார். தன்னை உலகுக்கு அறிமுகப்படுத்தியவரின் கண்டுபிடிப்பையே மறுத்தார். முட்டைக் கட்சி, விந்தணுக் கட்சி என்று ஐரோப்பாவே இரண்டாகப் பிரிந்து நின்றது. 1876-ல் ஜெர்மனியின் ஆஸ்கர் ஹெர்ட்விக், கடல் முள்ளெலியின் முட்டைக்குள் விந்தணு நுழைந்து இரண்டின் கருக்களும் ஒன்று சேர்வதை விளக்கி வெளியிட்ட பிறகுதான், இரண்டு கட்சிக்கும் பாதிப் பாதி சரி என்று ஆனது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சுவிஸ் அறிஞர் ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர், அண்டகக் குமிழ்களுக்குக் கிராஃபின் பெயரைச் சூட்டியிருந்தார். விந்தகக் குழாய்களுக்கு யாரும் அவர் பெயரை வைக்கவில்லை.

டெல்ஃப்டின் பழைய தேவாலயமான ஔடெ கெர்க்கில் கிராஃபைப் புதைத்தார்கள். லீவன்ஹூக் அவருக்குப் பிறகு சரியாக 50 ஆண்டுகள் வாழ்ந்து, 1723-ல் தன் 90-வது வயதில் இறந்தார். அவரைப் புதைத்ததும் அதே தேவாலயத்தில்தான். முட்டைக் கருத்தை அவர் கடைசி வரை ஏற்றுக்கொள்ளவில்லை.